டிமாண்ட்: தேவையா, கேட்பா?

குடிநீர் வாரியத்தில் 'இந்த வருஷ டிமாண்ட் எவ்வளவு?' என்று ஒரு பொறியாளர் கேட்டால் லிட்டரில் பதில் சொல்ல வேண்டும். அதே கேள்வியை வருவாய்ப் பிரிவில் இருப்பவர் கேட்டால் ரூபாயில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: தண்ணீர்க் கணக்கில் அது தேவை, பணக் கணக்கில் அது கேட்பு.

டிமாண்ட் என்பதன் மூலம் லத்தீன். அங்கே 'தெமந்தாரே' என்றால் ஒருவரிடம் ஒப்படைப்பது. பழைய பிரெஞ்சுக்குப் போனபோது அதற்குக் கேட்பது என்ற பொருள் வந்தது. ஆங்கிலத்தில் அது உரிமையோடு கேட்பதாக இறுகியது. பொருளியல் அதை எடுத்துக்கொண்ட பிறகு, சந்தையில் ஒரு பொருளுக்கு உள்ள தேவையையும் குறித்தது.

கேட்பு நம் 'கேள்' என்ற வினையிலிருந்து வந்தது. மீள் மீட்பு ஆவதுபோல், வேள் வேட்பு ஆவதுபோல், கேள் கேட்பு ஆகிறது. டெண்டர் விளம்பரங்களில் வரும் 'கேட்பு வரைவோலை' எல்லாருக்கும் பழக்கம்தான், டி.டி.யில் உள்ள முதல் 'டி' இந்தக் கேட்பே. சிலர் இதைக் 'கோரிக்கை' என்று எழுதுகிறார்கள். அது திசையையே மாற்றிவிடுகிறது. கோரிக்கை மக்களிடமிருந்து அலுவலகத்துக்குப் போவது. கேட்பு, கட்ட வேண்டிய தொகையைச் சொல்லி அலுவலகம் மக்களுக்கு அனுப்புவது.

முதலில் தேவை. நகரத்துக்கு நீர் ஒதுக்கீடு செய்வது இந்த எண்ணை வைத்துத்தான். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழக்கமான அளவுகோல். பத்து லட்சம் பேர் உள்ள ஊர் என்றால் நாளைக்கு 13.5 கோடி லிட்டர். வழியில் 15 சதவீதம் வீணாகும் என்றால், வீட்டுக்கு அந்த அளவு போய்ச் சேர சுமார் 15.9 கோடி லிட்டர் அனுப்ப வேண்டும். அனுமானத்தைக் கொஞ்சம் மாற்றினால் ஒதுக்கீடே மாறிவிடும். காவிரி வழக்கில் பெங்களூருக்கு நடந்தது அதுதான். நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது, குடிநீரில் பாதி நிலத்தடியிலிருந்து கிடைத்துவிடும் என்று நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்காமல், அந்த நகரத்துக்கென்று கூடுதலாக 4.75 டி.எம்.சி. ஒதுக்கியது.

கேட்பு வேறு உலகம். வருவாய்த் துறையிலும் உள்ளாட்சிகளிலும் 'டி.சி.பி.' என்று சொல்லும் கணக்கு கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று பத்திகளில் ஓடும். வசூல் அரபு வழி வந்த சொல். நிலுவை 'நில்' என்பதிலிருந்து வந்தது, கட்டாமல் நின்றுபோனது என்று பொருள். கேட்பிலும் இரண்டு உண்டு: போன ஆண்டு மீதி நிலுவைக் கேட்பு, இந்த ஆண்டுக்கானது நடப்புக் கேட்பு.

இதைப் பிரித்து வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வீட்டுக் குடிநீர் இணைப்பைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நிலுவைக் கேட்பு 1,200 ரூபாய், நடப்புக் கேட்பு 900, மொத்தம் 2,100. வீட்டுக்காரர் 1,500 கட்டுகிறார். பழைய பாக்கியை முதலில் கழித்தால் 1,200 அதில் போய்விடும். மிச்சம் 300தான் நடப்புக்கு. நிலுவை 600. இப்போது வசூல் சதவீதம் என்ன? மொத்தக் கேட்பை வைத்துப் பார்த்தால் 71. நடப்பு வசூலை நடப்புக் கேட்போடு மட்டும் ஒப்பிட்டால் 33. பத்தி மாறி, 1,500ஐ 900ஆல் வகுத்துவிட்டால் 167! நூற்றுக்கு மேல் வசூல் சதவீதம் கண்ணில் பட்டால் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், ஆண்டு முடிவில் நின்ற நிலுவையும் அடுத்த ஆண்டு தொடங்கும் நிலுவைக் கேட்பும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புது மென்பொருளுக்குத் தரவை மாற்றும்போது அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது.

சரி, தேவைக்கும் கேட்புக்கும் தொடர்பே இல்லையா? மீட்டர் இருந்தால் உண்டு. ஓடிய கிலோலிட்டரைக் கட்டண விகிதத்தால் பெருக்கினால் கேட்பு வந்துவிடும். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. அங்கே குடிநீர், கழிவுநீர் வரி வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்து விதிக்கப்படுகிறது. கட்டணம் மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையானது. குழாயில் எவ்வளவு வந்தாலும் கேட்பு அதேதான். அதனால் கேட்புப் பதிவேட்டைப் பார்த்து ஒரு தெரு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டு எண்களுக்கும் ஒரே தலைப்பு கொடுத்தால் யாராவது அப்படிக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அடுத்த கோடைக்கான திட்டமும் அதன் மேலேயே எழும்பும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

எனவே தரவுத் தலைப்புகளில் 'குடிநீர்த் தேவை', 'கட்டணக் கேட்பு' என்று முழுதாக எழுதுவது நல்லது. உச்சத் தேவை, தேவை மேலாண்மை ஆகியவை முதல் வகை. கேட்பு அறிவிப்பு, கேட்புப் பதிவேடு ஆகியவை இரண்டாவது வகை.

இலங்கைத் தமிழர்களோடு தரவு பகிர்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தேவையும் அளிப்பும்' என்பதை அங்கே 'கேள்வியும் நிரம்பலும்' என்பார்கள். அதே 'கேள்' வேர்தான். ஆனால் அங்கே நீருக்கான 'கேள்வி' என்றால் லிட்டர் கணக்கு, ரூபாய் அல்ல.