போனுக்கு ஏன் நைனா குரல் கேட்கவில்லை?

காசிமேட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "சார், சினிமாவுல சவுண்ட் டிசைனர் ஆகணும்னு ஆசை. விடியக்காலைல மீன் ஏலத்தைப் போன்ல ரெகார்ட் பண்ணேன். அங்க நின்னப்போ எங்க நைனா ஏலம் கூவுறது தெளிவா கேட்டுச்சு. வீட்ல போட்டா வெறும் இரைச்சல். நல்ல மைக் வாங்கணுமா?"

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த மைக்குக்கும் மூளை கிடையாது, தம்பி.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பது பள்ளிப் பாடம். இடப்பக்கம் நிற்கும் நைனாவின் குரல் இடக் காதைத் தொட்டுவிட்டு, தலையைச் சுற்றி வலக் காதுக்கு வருவதற்குள் அரை மில்லி நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகிவிடும். மூளை இதைவிட நுணுக்கமானது. 10 மைக்ரோ நொடி வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடும். ஒரு நொடியை லட்சம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு! கீச்சொலிகளைத் தலையே மறைத்து ஒரு காதில் மங்க வைக்கிறது. அதுவும் ஒரு துப்பு. இப்படி ஐஸ் உடைபடுவது அங்கே, விசைப்படகு எஞ்சின் இங்கே என்று பிரித்து நிறுத்திவிட்டு, மூளை நைனாவை மட்டும் கவனிக்கிறது. சந்தேகமா? ஏலத்துக்கு நடுவே ஒரு காதை இறுக்கிப் பொத்திப் பாருங்கள். குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கூச்சலுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்கும் இந்த வித்தையை 1953-இல் ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி காலின் செர்ரி, 'காக்டெய்ல் பார்ட்டி சிக்கல்' என்றார். காசிமேட்டுக்கு வந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

போனிலோ எல்லாச் சத்தமும் ஒன்றாகவே போய்க் குழம்பாகிவிடுகிறது. மூளை சும்மா செய்துகொடுத்த வேலையை சவுண்ட் டிசைனர் கையால் செய்ய வேண்டும். கூவல், ஐஸ், எஞ்சின் எல்லாம் தனித்தனி டிராக். ஈரத் தரையில் செருப்பு சளக் சளக்கென்பதை ஸ்டுடியோவில் ஃபோலி கலைஞர் (படத்தைப் பார்த்துச் சத்தங்களைக் கையாலும் காலாலும் உண்டாக்குபவர்) நடந்தே கொடுப்பார். நாயகன் நைனாவைத் தேடும் காட்சியா? கூவலை ஏற்றி, மற்றதை மெல்ல இறக்குவார்கள். தியேட்டரில் கூவல் திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கரில் வரும் (அதற்காகவே திரையில் பொடித் துளைகள்). எஞ்சினும் காக்கையும் பக்கச் சுவரில்.

காக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மூர்க் கடலோரக் காட்சியில் ஏதோ வெளிநாட்டு ஒலித் தொகுப்பின் கடற்புறா கத்தினால் எனக்கு எரிச்சல் வரும். நம் தெருக்களின் சத்தங்களைச் சேகரித்து வைக்க ஒரு பல்கலைக்கழகமாவது காசு ஒதுக்கினால் என்ன?

சரி, மைக்கை அப்புறம் வாங்கலாம். நைனாவின் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் ஒரு பதிவு, ஐஸ் உடைக்கிற இடத்தில் ஒன்று, ஆளில்லாத படகோரத்தில் இரண்டு நிமிடம் ஒன்று. மூன்றையும் அடுக்கி ஹெட்போனில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.