ஏற்காட்டு மலைப்பாதையும் போஸ்ட்ஜிஐஎஸ் போடும் பெட்டிகளும்

"ஏற்காடு ஏரியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வரும் காபித் தோட்டங்கள் எவை?" என்று சாதாரண டேட்டாபேஸிடம் கேட்டால் முழிக்கும். பெயரை அகரவரிசையில் அடுக்கும், தேதியை முன்பின்னாக அடுக்கும், அந்த அடுக்கை வைத்துத்தான் எதையும் சட்டென்று தேடியெடுக்கும். நிலத்தை எப்படி அடுக்குவது? வடக்கு தெற்காக அடுக்கினால் கிழக்கு மேற்கு கலைந்துபோகும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு நில வடிவங்களைத் தேடவும் அளக்கவும் கற்றுத்தரும் கூடுதல் மென்பொருளான போஸ்ட்ஜிஐஎஸ் இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது.

1984இல் ஆன்டனின் கட்மன் என்ற கணினி ஆய்வாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். ஆர்-ட்ரீ என்று பெயர். தோட்டத்தின் எல்லை எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் சரி, அதைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி போட்டுவிட வேண்டும், நான்கே எண்களில் வேலை முடிந்தது. அக்கம்பக்கத்துப் பெட்டிகளைச் சேர்த்து ஒரு பெரிய பெட்டி, அப்புறம் அவற்றையும் சேர்த்து அதைவிடப் பெரிய பெட்டி. ஏரியைச் சுற்றி 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்டி போட்டுத் தேடும்போது, அதைத் தொடாத பெரிய பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கிவிடலாம். மிஞ்சுகிற சிலவற்றுக்கு மட்டும் அசல் எல்லையை எடுத்துத் தூரம் பார்த்தால் போதும். வேகமெல்லாம் இந்த ஒதுக்கலில்தான் இருக்கிறது.

ஆனால் பெட்டி சில நேரம் காலைவாரும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையை ஒரே கோடாக ஏற்றிவைத்தால், அதன் பெட்டி அந்தச் சரிவையே வளைத்துக்கொள்ளும். பாதைக்கு 100 மீட்டரில் இருப்பதைக் கேட்டால், சரிவில் இருக்கும் எல்லாமே முதல் கட்டத்தில் தேறிவிடும், ஒதுக்க ஒன்றுமிருக்காது. கோட்டை வளைவுக்கு வளைவு துண்டுபோட்டு வைத்தால் சரியாகிவிடும். அதற்கென்றே போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் எஸ்டி_சப்டிவைட் என்ற கட்டளை இருக்கிறது.

இதையெல்லாம் இலவசமாகக் கையில் கொடுத்த போஸ்ட்ஜிஐஎஸ், 2001இல் கனடாவின் விக்டோரியா நகரில் ரிஃப்ராக்‌ஷன்ஸ் ரிசர்ச் என்ற நிறுவனத்திலிருந்து வந்தது. அவர்கள் டேட்டாபேஸை எழுதவில்லை. பெர்க்லியில் 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய போஸ்ட்கிரெஸ், வெளியாட்கள் புதிய தரவு வகைகளைச் சேர்க்கட்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. அதிலும் ஆர்-ட்ரீ இருந்தது, ஆனால் 8 கிலோபைட்டுக்கு மேற்பட்ட உருவத்தை ஏற்காது. நூற்றுக்கணக்கான புள்ளிகள் கொண்ட மலைப்பாதைக்கு அது எந்த மூலைக்கு? அதனால் ஜிஸ்ட் என்ற பொது இன்டெக்ஸ் (தேடல் அடுக்கு) சட்டகத்தைப் பிடித்தார்கள், உருவத்தை விட்டுவிட்டு அதன் பெட்டியை மட்டும் உள்ளே வைத்தார்கள். வெட்டுவது, ஒட்டுவது போன்ற வடிவக் கணக்குக்கு மார்ட்டின் டேவிஸின் ஜாவா நிரலான ஜேடிஎஸ்ஸை சி++ மொழிக்கு மாற்றி ஜியோஸ் ஆக்கினார்கள். அடுத்தவர் திறந்துவைத்ததை எடுத்துத் தாங்களும் திறந்துவைத்ததுதான் இதில் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

சேலத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீட்டரில் அளக்க எல்லோரும் எடுக்கும் யுடிஎம் வரைபட முறை பூமியைத் தனித்தனி அளவுக்கட்டம் கொண்ட நெட்டு மண்டலங்களாகப் பிரிக்கிறது. அந்த மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது: ஏற்காடும் சேலம் நகரமும் 44ஆம் மண்டலம், மேட்டூரும் எடப்பாடியும் 43. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து அளக்க வேண்டுமென்றால், 2010இல் போஸ்ட்ஜிஐஎஸ் 1.5 பதிப்போடு வந்த ஜியாகிரபி என்ற தரவு வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் வளைவையும் கணக்கில் எடுத்து மீட்டரில் விடை தரும், என்ன, கொஞ்சம் மெதுவாகத் தரும்.