சாம்பார்க் கறை எடுத்த போட்டோ

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் அக்கா பிள்ளைகள் இருவரும் தர்மபுரியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. காகிதக் கப்பல், பனையோலைக் காத்தாடி, நுங்கு வண்டி என்று எனக்குத் தெரிந்த கைவேலை எல்லாம் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது சின்னவன் வெள்ளைச் சட்டையில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டான். அம்மா சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை குப்பென்று சிவந்தது. "பாட்டி, ரத்தம்!" என்று அலறினான். நன்றாக அலசியதும் கறை பழையபடி மஞ்சளானது. அம்மா இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. "கொண்டுபோய் வெயில்ல போடு, சாயங்காலத்துக்குள்ள போயிடும்" என்று சட்டையை என் கையில் கொடுத்தார். போய்விட்டது.

சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும், வெயில் பட்டால் மறையும். துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் கேமரா இல்லாமல், ஃபிலிம் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்துவிடலாம். அந்த லீவில் மிச்ச நாட்கள் எங்களுக்கு இதிலேயே கழிந்தன.

முதல் முயற்சி சொதப்பல். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தில் பூசினோம். காய்ந்ததும் தொட்டால் தூள் தூளாக உதிர்ந்தது. தவறு என்னுடையதுதான். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரையாது என்று சொல்லும் அளவுக்குத்தான் கரையும். தண்ணீரில் மஞ்சள் கரைகிறது என்று நாம் நினைப்பது, தூள் மிதப்பதைப் பார்த்துத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால் அடியில் படிந்துவிடும். எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் அது நன்றாகக் கரையும். தாளிக்கும்போது எண்ணெய் மட்டும் தகதகவென்று மஞ்சளாவது அதனால்தான்.

ஆல்கஹாலுக்கு எங்கே போவது? கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் மறந்துபோன சானிடைசர் இருந்தது. தண்ணீர் மாதிரி இருக்கும் வகைதான் வேண்டும், கொழகொழவென்று இருக்கும் ஜெல் சரிப்படாது. அது இல்லாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிக்கொள்ளலாம். ஐந்து டீஸ்பூன் சானிடைசருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் மஞ்சள் தூள். கலக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் மாவும் நாரும் துணியில் தங்கிவிடும், கீழே தெளிந்த ஆரஞ்சு நிறச் சாறு இறங்கும். தூளில் நிறப்பொருள் நூற்றில் 2 முதல் 5 பங்குதான், மிச்சமெல்லாம் மாவும் நாரும் எண்ணெயும். கஸ்தூரி மஞ்சள் வேண்டாம். அதில் நிறப்பொருள் குறைவு. இந்தக் கலக்கும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்ய வேண்டும், அடுப்புப் பக்கமே போகக்கூடாது. சானிடைசர் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும்.

அப்புறம் பிள்ளைகள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிடலாம். டிராயிங் நோட்டுக் காகிதத்தில் இரண்டு தடவை பூச வேண்டும். மின்விசிறிக்கு அடியில், நிழலில், ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். தரையில் பழைய செய்தித்தாள் விரிக்க மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு வெள்ளை டைல்ஸில் இரண்டு நாள் ஒரு குட்டிப் பாதம் இருந்தது.

காய்ந்த மஞ்சள் காகிதத்தின் மேல் ஓர் இலையை வைத்து, அதன் மேல் போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியை வைத்து, நான்கு பக்கமும் துணி கிளிப் மாட்டி, மொட்டை மாடியில் வைத்துவிட வேண்டியதுதான். அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்க்காரர்கள் என்பதால் நெல்லி இலையில் தொடங்கினோம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பின்வாசலில் கைக்கு எட்டியது அந்தக் கிளைதான். ஆனால் அமைந்தது நல்ல இலை. நடு ஈர்க்கின் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்னதாக அடுக்கியிருப்பதால் காகிதத்தில் தட்டையாகப் படிந்தது.

மூன்று மணி நேரம் கழித்துக் கண்ணாடியை எடுத்தோம். இலைக்கு வெளியே காகிதம் வெளிறி மோர் நிறத்துக்கு வந்திருந்தது. இலையைத் தூக்கினால், அது இருந்த இடத்தில் மட்டும் பளிச்சென்ற மஞ்சளில் இன்னொரு நெல்லி இலை. "மாமா, மிச்ச மஞ்சளை யாரு தின்னுட்டா?" என்று கேட்டான் சின்னவன். கேள்வி ரொம்பச் சரியான கேள்வி.

குர்க்குமின் மூலக்கூறைக் காவடி மாதிரி கற்பனை செய்துகொள்ளலாம். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு வளையம். நடுவில் ஏழு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் தண்டு. இந்தத் தண்டு நெடுக எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் பரவிக் கிடக்கின்றன. அப்படிப் பரவிய எலக்ட்ரான்களுக்கு ஊதா, நீலம் ஆகிய ஒளிதான் தோதான தீனி. வெள்ளை வெயிலிலிருந்து நீலத்தை விழுங்கிவிட்டால் மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. ஒரு பொருள் மஞ்சளாக இருக்கிறது என்றால் அது நீலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தின்றதற்கு விலை உண்டு. விழுங்கிய ஒளியின் ஆற்றலை மூலக்கூறு பெரும்பாலும் சூடாக வெளியே விட்டுத் தப்பித்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு தடவை தப்ப முடியாமல், பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, காவடித் தண்டு முறிந்துவிடும். முறிந்த துண்டுகள் சின்னவை. அவற்றில் எலக்ட்ரான்கள் பரவ இடமில்லை, நீலத்தை விழுங்கவும் தெரியாது, ஆகவே நிறமும் கிடையாது. கறை சட்டையை விட்டு எங்கும் ஓடவில்லை. உடைந்து, நிறமில்லாத துண்டுகளாக அங்கேயேதான் இருந்தது, அடுத்த துவைப்பு வரை. அந்தத் துண்டுகளில் ஒன்று வெனிலின், அதாவது வெனிலா ஐஸ்கிரீமுக்கு வாசனை தரும் அதே பொருள். இதைச் சொன்னதும் இரண்டு பேரும் காகிதத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டார்கள். அளவு ரொம்பச் சொற்பம், மூக்குக்கு எட்டாது.

பெரியவள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. "வெயில்ல சூடாகித்தானே வெளுத்துச்சு?" என்றாள். வாதம் செய்வதைவிடச் செய்து பார்ப்பது சுலபம். ஒரே காகிதத்தின் பாதியை எவர்சில்வர் தட்டால் மூடி வெயிலில் வைத்தோம். ஒரு மணிக்குத் தட்டில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. மூடியிருந்த பாதி சூடேறியும் மஞ்சள் குறையாமல் இருந்தது; திறந்திருந்த பாதி வெளுத்திருந்தது. வேலை செய்தது சூடு இல்லை, வெளிச்சம். மஞ்சள் தூளை டப்பாவில் மூடி அலமாரிக்குள் வைப்பதும் இதனால்தான்.

இப்போது சோப்பு விஷயத்துக்கு வருவோம். ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, ஆறியபின் அந்தத் தண்ணீரைக் காகிதம் முழுக்கப் பிரஷ்ஷால் மெல்லத் தடவினால், வெளுத்த பகுதி பெரிதாக மாறாது. இலை இருந்த இடம் மட்டும் செங்கல் நிறத்துக்குப் போகும். மங்கலாக இருந்த படம் எழுந்து நிற்கிற நொடி அதுதான். பழைய ஸ்டுடியோக்காரர்கள் இருட்டறையில் பார்த்த சந்தோஷத்தில் கொஞ்சம் நமக்கும் கிடைக்கிறது. காவடியின் முனை வளையங்களில் தொங்கும் ஹைட்ரஜன்களைச் சோப்பு, சோடா மாதிரியான காரப் பொருள் பிடுங்கிக்கொள்கிறது. அப்போது எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவி, நீலத்தோடு பச்சையையும் சேர்த்து விழுங்க ஆரம்பிக்கின்றன. மிச்சம் சிவப்பு. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவப்பதும் இதே கதை. சுண்ணாம்பு இன்னும் கடும் சிவப்பைக் கொடுக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு ஆப்ப சோடா போதும்.

எலுமிச்சைச் சாறு தொட்டால் ஹைட்ரஜன் திரும்பி வந்து சிவப்பு மறுபடி மஞ்சளாகும். மாடியில் காகிதம் காயும் அந்த மூன்று மணி நேரத்தை எப்படிக் கடத்துவது என்று திணறியபோது இதுதான் கைகொடுத்தது. வெயிலுக்குப் போகாத ஒரு மஞ்சள் காகிதத்தைக் கொடுத்து, ஒரு கிண்ணத்தில் சோடாத் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு, இரண்டு பஞ்சுக் குச்சி. ஒன்று வரையும், ஒன்று அழிக்கும். ஐந்து வயதுக்காரன் முக்கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அது சாதனை.

மறுநாள் ஆசை கூடிவிட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மாம்பழக் கூடையில் பழத்தோடு இருந்த பெரிய மாவிலையை வைத்தோம். கண்ணாடிக்கு எட்டாத நீளம், அதனால் இரண்டு கூழாங்கல் மட்டும் வைத்தோம். வெயிலில் இலை காய்ந்து வளைந்து, ஓரம் காகிதத்தை விட்டுத் தூக்கிக்கொண்டது. படம் கலங்கலாக, பேய் மாதிரி வந்தது. ஏன் என்று யோசித்தால், சூரியன் நின்ற இடத்தில் நிற்பதில்லை. மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. காகிதத்தோடு ஒட்டிய ஓரத்துக்கு இதனால் கேடில்லை. ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் ஓரத்தின் நிழலோ, உச்சிக்கு முன்னும் பின்னுமான மூன்று மணி நேரத்தில் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் ஊர்ந்துவிடும். அந்த 8 மில்லிமீட்டரும் அரைகுறையாக வெளுக்கும். கண்ணாடி வைப்பது காற்றுக்குப் பறக்காமல் இருக்க மட்டுமில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

இந்த வேலைக்கு எங்கள் ஊர் கோடையைவிடத் தோதான நேரம் கிடையாது. தர்மபுரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 22-ஐ ஒட்டி மத்தியானம் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த குச்சிக்கு அந்த நிமிடம் நிழலே இருக்காது. கிருஷ்ணகிரி கொஞ்சம் வடக்கே என்பதால் அங்கே ஓரிரு நாள் தள்ளி. உச்சி என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டு இல்லை, பன்னிரண்டேகால். நம் கடிகாரம் ஓடுவது நமக்குக் கிழக்கே இருக்கும் 82.5 டிகிரி தீர்க்கரேகைக் கணக்கில். இங்கே சூரியன் வந்துசேரக் கால் மணி நேரம் ஆகிறது. பத்தே முக்காலுக்கு வைத்து ஒன்றே முக்காலுக்கு எடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். பிள்ளைகள் அந்த நேரத்தில் மாடியில் நிற்க வேண்டியதில்லை, காகிதம் நின்றால் போதும்.

பூச்சாற்றைக் காகிதத்தில் தடவி வெயிலில் படம் பிடிப்பதை 1842-ல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் விரிவாகச் செய்து எழுதினார். நட்சத்திரம் பார்க்கிறவர் தோட்டத்துப் பூக்களைக் கசக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடித்த காட்சி. சில பூக்களின் சாறு வெளுக்க நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். அங்கே இருக்கிற வெயிலும் அப்படி. மஞ்சளை எடுத்துக்கொண்டு நம் கத்திரி வெயிலில் செய்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்திருப்பார். அதே வருஷம் இரும்பு உப்புகளை வைத்து அவர் கண்டுபிடித்த நீலப்பட முறைதான் பின்னாளில் வீட்டு வரைபடங்களுக்கு ப்ளூ பிரிண்ட் என்று பெயர் வாங்கித் தந்தது.

பூச்சாறு போட்டோவுக்கு ஒரு குறை உண்டு, அதை ஹெர்ஷலாலும் தீர்க்க முடியவில்லை. பழைய ஃபிலிம் போட்டோ மாதிரி வெள்ளி உப்பில் எடுத்த படத்தில், வெளிச்சம் படாமல் மிஞ்சிய உப்பைக் கழுவித் தள்ளிவிடலாம். அதன்பின் படம் நிலைத்துவிடும். இங்கே மிஞ்சிய மஞ்சள்தான் படமே. கழுவ எதுவும் இல்லை. வெளிச்சத்தில் வைத்த ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டு முறிந்துகொண்டே இருக்கும். காரம் பட்ட குர்க்குமின் இன்னும் சீக்கிரம் சிதையும் என்பதால் செங்கல் சிவப்பும் நாளாக நாளாகப் பழுப்பாகிவிடும். சோடாவுக்குப் பிறகு நிறைய தண்ணீர் விட்டு அலசி, நிழலில் உலர்த்தி, நோட்டுக்குள் மூடி வைத்தால் வெகுநாள் தாங்கும்.

பெரியவள் தன் படங்களைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். சின்னவன் கேட்கவில்லை, எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஜன்னல் பக்கச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினான். பொங்கலுக்கு வந்தபோது சுவரில் செல்லோடேப் ஒட்டிய வெறும் காகிதம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, சானிடைசர் இன்னும் இருக்கா?" என்றான்.