ஆக்சலாட்டிலோடு தொட்டித் தண்ணீரையும் கொண்டுவாருங்கள்

"டாக்டர், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனாலும் மூணு நாளா சாப்பிட மாட்டேங்குது." தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் வகையான ஆக்சலாட்டிலை வளர்ப்பவர்கள் என்னிடம் வந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சில மாதங்களுக்கு முன் வந்த கல்லூரி மாணவரும் இதையேதான் சொன்னார். டப்பாவைத் திறந்து பார்த்தேன். இறகு போல விரிந்திருக்க வேண்டிய செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருந்தன. வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. மருந்து எழுதித் தரச் சொன்னார். நான் தொட்டித் தண்ணீர் கேட்டேன். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பாட்டிலில் பிடித்து வந்தார்.

சோதனைக் குழாயில் 5 மில்லி ஊற்றி, அம்மோனியாவுக்கான சொட்டுகளை விட்டுக் குலுக்கி வைத்தேன். அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். இது ஐந்து நிமிடத்தில் நல்ல பச்சையாகிவிட்டது. வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தால் 4 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 4 பங்கு. இருக்க வேண்டிய அளவு 0.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஃபில்டர் ஸ்பாஞ்ச் அழுக்காக இருக்கிறதே என்று முந்தைய வாரம் குழாயடியில் வைத்து, வெள்ளையாகும் வரை பிழிந்து அலசியிருக்கிறார். அக்கறையில் செய்த வேலைதான். ஆனால் அந்தப் பழுப்புப் படிவில்தான் தொட்டியைக் காப்பாற்றும் பாக்டீரியா குடியிருந்தது. குழாய்த் தண்ணீரிலிருந்த குளோரின் அதைக் கொன்றுவிட்டது.

ஆக்சலாட்டிலின் உடலிலிருந்தும், கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட இரையிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. 20 பிபிஎம்முக்குள் வைத்திருந்தால் போதும், அதற்குத்தான் வாராவாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றச் சொல்கிறோம்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா பெருக 4 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை ஆக்சலாட்டிலை உள்ளே விடாதீர்கள். தொட்டியில் 2 பிபிஎம் அளவுக்கு அம்மோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே 0 ஆகி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார் என்று அர்த்தம். காத்திருப்பது கஷ்டம்தான், புரிகிறது. ஆனால் தொட்டியையும் ஆக்சலாட்டிலையும் ஒரே நாளில் வாங்கியவர்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், மனசுக்கு வேதனையாக இருக்கிறது.

அடுத்தது வெப்பம். ஆக்சலாட்டிலின் பூர்வீகம் மெக்சிகோ சிட்டி பக்கமுள்ள சோச்சிமில்கோவின் குளிர்ந்த நீர். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். 24-ஐத் தாண்டினால் ஆபத்து. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவிலும் விஷமான பங்கு கூடும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் ஏறினாலும் அப்படியே. அதனால் சோதனையில் ஒரே எண் வந்தாலும், 17 டிகிரியில் இருப்பதைவிட 25 டிகிரியில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மோசம். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் வைத்தால் சில டிகிரி இறங்கும். அது போதாத இடத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி) இல்லாமல் வளர்க்கக் கூடாது என்பது என் கருத்து. ஐஸ் பாட்டிலைப் போட்டுப் போட்டு எடுத்தால் வெப்பம் ஏறி இறங்கி, அதுவே தனி உளைச்சல். ஃபேனால் ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவதை, தண்ணீர் மாற்றியதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயேதான் இருக்கும்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. அதனால் இவற்றை நீக்கும் டீகுளோரினேட்டர் திரவத்தைச் சேர்ப்பதே பாதுகாப்பு. கற்றாழை கலந்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஸ்பாஞ்சை அலச வேண்டுமென்றால், மாற்றுவதற்காக வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். கழிவையும் மிச்ச இரையையும் தினமும் உறிஞ்சி எடுங்கள். அப்புறம், நீரோட்டம் வேகமாக இருந்தாலும் செவுள் முன்னால் வளையும், அதையும் பாருங்கள்.

அந்த மாணவருக்கு நான் மருந்தே எழுதவில்லை. மீனுக்கான மருந்து எதையும் ஊற்ற வேண்டாம், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று மட்டும் சொன்னேன். தனிப் பெட்டியில் விட்டு, குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்றினார். நான்காம் நாள் மண்புழுவைக் கவ்வியது என்று வீடியோ அனுப்பினார். தொட்டி மறுபடி தயாராக ஐந்து வாரம் ஆனது. அதுவரை ஒரு நாள்கூட அவர் தண்ணீர் மாற்றத் தவறவில்லை.

நீங்கள் மருத்துவரிடம் போவதாக இருந்தால், ஆக்சலாட்டில் வரும் டப்பாத் தண்ணீரை நம்பாதீர்கள், வழியிலேயே அதில் கழிவு சேர்ந்துவிடும். சோப்பு படாத ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை விளிம்பு வரை தனியாகப் பிடித்து மூடுங்கள். கிளம்பும்போது தொட்டியின் வெப்பம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபில்டரைக் கடைசியாக எப்போது, எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி வாருங்கள்.