முதியோர் இல்லத்தில் தொற்று: வாசலை அடைத்தால் மட்டும் போதுமா?

பெருந்தொற்று என்றதும் முதியோர் இல்லங்கள் முதலில் செய்வது வாசலை அடைப்பதுதான். பார்வையாளர்களுக்குத் தடை, நுழைவிடத்தில் வெப்பமானி, மேஜையில் சானிடைசர். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகும் தினமும் உள்ளே வந்துபோகிறவர்கள் உண்டு: குளிப்பாட்டுபவர், மாத்திரை கொடுப்பவர், சமைப்பவர், துப்புரவு செய்பவர். குளிப்பாட்டுவதைத் தள்ளி நின்று செய்ய முடியாது. முதியோர் மருத்துவம் பார்க்கும் நான் அதனால்தான் பணியாளர்களைப் பற்றி முதலில் கேட்பேன்.

2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொரோனா பரவியது. ஆய்வு செய்தவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை: உடம்பு சரியில்லாமலே பணியாளர்கள் வேலைக்கு வந்தார்கள், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. லீவு போட்டால் சம்பளம் போகும், ஒரு இடத்துச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாது என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். சம்பளத்துடன் நோய் விடுப்பு, ஒரே இடத்தில் முழு வேலை. என்னைக் கேட்டால், விலை உயர்ந்த கிருமிநாசினி இயந்திரங்களைவிட இவை இரண்டும் அதிகம் காப்பாற்றும்.

வெப்பமானியை நம்பியிருப்பதும் ஆபத்து. அதே மாநிலத்தில் இன்னொரு இல்லத்தில் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்காமல் இல்லவாசிகளைப் பரிசோதித்தபோது தொற்று உறுதியான 48 பேரில் 27 பேருக்கு அன்றைக்கு எந்த அறிகுறியும் இல்லை. அறிகுறி வந்தாலும் வயதானவர்களிடம் அது வேறு மாதிரி இருக்கும். சாப்பாடு வேண்டாம் என்பார்கள், திடீரென்று குழம்பிப் பேசுவார்கள், தடுமாறி விழுவார்கள். 'வயசாயிடுச்சு' என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. சிலருக்குக் காய்ச்சலும் பெரிதாக ஏறாது. இல்லவாசிகளைப் பொறுத்தவரை ஒருமுறை 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, அவரவர் வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி கூடினாலோ காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழக்கமான அளவு என்ன என்று முன்பே குறித்து வைத்திருக்க வேண்டுமே!

இல்லவாசியின் அறையில் முகக்கவசத்தோடு இருப்பவர்கள் ஓய்வறையில் அதைக் கழற்றிவிட்டு, சன்னல் மூடியபடி சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பணியாளர்களுக்குள் தொற்று பரவ அது போதும். சாப்பாட்டு நேரத்தைப் பிரித்துவிடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். அப்புறம் கையுறை. அது போட்டிருந்தால் கை கழுவ வேண்டாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதுகாப்பு உடையைக் கழற்றும்போதுதான் கிருமி கையில் ஒட்ட அதிக வாய்ப்பு. அணிவதை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். கழற்றும் வரிசையை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வாரக்கணக்கில் அறைக்குள்ளேயே வைத்தால் முதியவர்கள் நடை இழக்கிறார்கள், எடை குறைகிறார்கள், மனம் சோர்ந்து போகிறார்கள். மறதி நோய் உள்ளவருக்கு ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதே புரியாது. முகக்கவசத்தைப் பிய்த்து எறிவார். அவரோடு சண்டை போடுவதைவிட அவருக்கு அருகில் போகிறவர் சரியாக அணிவது நல்லது. ஒவ்வொருவருக்கும் குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பணியாளருக்குத் தரும் அதே பயிற்சியையும் முகக்கவசத்தையும் தந்து உள்ளே விடலாம். ஊட்டிவிடவும் கையைப் பிடித்து நடக்கவைக்கவும் அவரால் முடியும். பணியாளர்கள் பாதிப் பேர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் அந்த ஒருவரின் உதவி பெரிது.