பேப்பர் வரவில்லையா? மறுபடி பிரிண்ட் கொடுக்கும் முன் வரிசையைப் பாருங்கள்

திருப்பூர், ஈரோடு பக்கம் கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பிரிண்டர் சம்பந்தமாக வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் பிரிண்டரில் கோளாறே இருக்காது.

பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி. ஏற்றுமதிப் பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கரை அங்கே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் அச்சடிக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டிக்கர் ரோல் தீர்ந்து பிரிண்டர் நின்றுபோனது. புது ரோல் மாட்டிய பிறகும் ஓடவில்லை. பேக்கிங் செக்‌ஷன் அக்கா அதே ஃபைலை ஆறு முறை அனுப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து ஒட்டி வேலையை முடித்துவிட்டார். மறுநாள் காலை வேறொருவர் ஸ்டிக்கர் பிரிண்டரை மறுபடி இயக்கத்துக்குக் கொண்டுவந்ததும் ஆறும் கடகடவென்று வந்து விழுந்தன. காலை ஷிஃப்ட்டுக்கு வந்தவர்கள், இன்றைய ஸ்டிக்கர் என்று நினைத்துப் புதுப் பெட்டிகளில் ஒட்டிவிட்டார்கள். ஒரே எண்ணில் பல பெட்டிகள். லாரியில் ஏற்றும்போதுதான் தெரிந்தது. அன்று முழுக்கப் பெட்டிகளைப் பிரித்து எண்ணினார்கள்.

"ஏனுங்க தம்பி, நேத்து அத்தனை வாட்டி குடுத்தேன், ஒண்ணுகூட வரலீங்க. இன்னைக்கு யாருமே குடுக்கல, தானா வருதுங்க" என்றார் அந்த அக்கா. அவர் மேல் தப்பே இல்லை. பிரிண்டர் நிற்பதும், வரிசை (நாம் அனுப்பியவை அச்சாகக் காத்திருக்கும் பட்டியல்) மூடுவதும் இரண்டு தனி விஷயம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

லினக்ஸிலும் மேக்கிலும் இந்த வரிசையைப் பார்த்துக்கொள்வது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-ல் எழுதத் தொடங்கியது. ஆப்பிள் 2002-ல் மேக் ஓஎஸ் 10.2-ல் சேர்த்துக்கொண்டது. பிரிண்டரில் ஏதாவது பிழை வந்தால் அதை நிறுத்தி வைக்கும்படி கப்ஸை அமைத்திருக்கலாம். அப்படி நின்றாலும் வரிசை திறந்தேதான் இருக்கும். அனுப்புகிற ஒவ்வொன்றையும் வாங்கி எண் போட்டு வைத்துக்கொள்ளும். பிரிண்டர் உயிர் பெற்றதும் ஒன்றுவிடாமல் அடிக்கும்.

ஆகவே, பேப்பர் வராதபோது டெர்மினலில் (கட்டளை டைப் செய்யும் திரையில்) முதலில் அடிக்க வேண்டியது எல்பிஸ்டாட் கட்டளை. (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது சின்ன ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) வெறும் எல்பிஸ்டாட் நீங்கள் அனுப்பியதை மட்டும் காட்டும். மைனஸ் ஓ சேர்த்தால் எல்லோருடையதும் தெரியும். மைனஸ் பி சேர்த்தால் பிரிண்டர் ஓடுகிறதா, நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று தெரியும். நின்றிருந்தால் காரணத்தைச் சரிசெய்துவிட்டு, கப்ஸ்எனேபிள் என்று அடித்துப் பக்கத்தில் பிரிண்டர் பெயரைக் கொடுத்தால் போதும். ஆனால் அதற்கு முன்னால் வரிசையில் வேண்டாததை எடுத்துவிடுங்கள். அந்தப் பனியன் கம்பெனியில் தவறியது இந்த ஒரு படிதான்.

அனுப்புவதற்கு எல்பி. மைனஸ் டி போட்டு பிரிண்டர் பெயர், மைனஸ் என் போட்டு எத்தனை பிரதி, கடைசியில் ஃபைல் பெயர். அனுப்பியதும் 'ஸ்டிக்கர்-147' என்பது போல ஒரு எண் திரையில் வரும். அதைக் குறித்து வையுங்கள். கேன்சல் என்று அடித்து அந்த எண்ணைக் கொடுத்தால் அது ஒன்று மட்டும் போகும். பெர்க்லி யுனிக்ஸ் என்ற பழைய யுனிக்ஸ் வகையின் வழியில் வந்த எல்பிஆர் (அனுப்ப), எல்பிக்யூ (வரிசையைப் பார்க்க), எல்பிஆர்எம் (நீக்க) ஆகிய கட்டளைகளும் கப்ஸில் உண்டு. இரண்டையும் கலந்து பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரிய எழுத்து பி, எல்பிஆரில் பிரிண்டர் பெயரைக் குறிக்கும், எல்பியில் பக்க எண்களைக் குறிக்கும். எல்பிஆர்எம்-ஐ எண் கொடுக்காமல் அடித்தால், வழக்கமான பிரிண்டரில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நீக்கப் பார்க்கும்.

கேன்சல் மைனஸ் ஏ என்பதை அவசரத்தில் அடிக்கவே அடிக்காதீர்கள். பிரிண்டர் பெயர் கொடுக்காமல் நிர்வாகி உரிமையோடு அடித்தால் எல்லா பிரிண்டர்களின் வரிசையும் காலியாகும். ஸ்டிக்கரை நிறுத்தப் போய், அக்கவுண்ட்ஸில் காத்திருந்த சம்பள ரசீதும் சேர்ந்து போகும்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டுமென்றால், எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். பெரும்பாலானவர்கள் பதறிப்போய் ஸ்விட்சைத்தான் அணைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ரத்து செய்யாததால் பவர் வந்ததும் அதே வேலை மறுபடி ஆரம்பிக்கும். சில சமயம் நடுவில் அறுந்த தகவல் போய்ச் சேர்ந்து, பூச்சி பூச்சியாக எழுத்து விழும். மஞ்சள் மண்டியிலும் நூல் கடையிலும் பில் போடுகிற டாட் மேட்ரிக்ஸில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பிரிண்டரில் உள்ள பட்டனால் நிறுத்தி வையுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் கேன்சல் கொடுங்கள். அதற்கும் பிறகுதான் பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். ஏற்கெனவே பிரிண்டரின் நினைவகத்துக்குள் போய்விட்ட பக்கங்களைக் கம்ப்யூட்டரால் பல சமயம் திரும்ப வாங்க முடிவதில்லை. அணைத்துப் போட்டால் அவை அழியும்.

விண்டோஸில் வரிசை சிக்கிக்கொண்டால், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நெட் ஸ்டாப் ஸ்பூலர் என்று அடியுங்கள். சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பவற்றை மட்டும் அழித்துவிட்டு நெட் ஸ்டார்ட் ஸ்பூலர் கொடுங்கள். அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். இதிலும் எல்லா பிரிண்டர்களின் வேலையும் போய்விடும் என்பதால், பக்கத்து மேஜைகளில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் ஆதார் கொண்டுவருகிறார், பட்டா கொண்டுவருகிறார். பேப்பர் வரவில்லை என்றதும் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். ராத்திரி பிரிண்டர் சரியானதும் அவருடைய ஆதார், ஆளில்லாத தட்டில் வந்து விழுகிறது. அச்சாகி முடிந்த ஃபைலைக்கூட கப்ஸ் வழக்கமாக 86400 விநாடிகள், அதாவது முழுசாக ஒரு நாள், வைத்திருக்கும். அதற்குள் பழைய எண்ணைக் கொடுத்து மறுபடி அடிக்க முடியும். கேன்சலோடு மைனஸ் எக்ஸ் சேர்த்தால் அந்த ஃபைலும் சேர்ந்து அழியும். இல்லையென்றால் கப்ஸின் அமைப்புகள் இருக்கும் கப்ஸ்டி.கான்ஃப் ஃபைலில் பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் என்ற வரிக்கு நேரே 'நோ' என்று இருக்கும்படி செய்து, கப்ஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நான் போகிற கடைகளில் கேட்காமலேயே செய்து கொடுத்துவிட்டு, என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.