வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கடலைப் பார்த்த ஓர் அம்மன் கோயில். உப்புக் காற்றில் இற்றுப்போன கேமராவை மாற்றப் போயிருந்தேன். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று பேதமில்லாமல் 14 ஆண்டுகளாக இந்தக் கரையில் கண்காணிப்புக் கேமரா பொருத்துகிறவன் நான். வேலை முடிகிற நேரத்தில் பூசாரி, "தம்பி, ஆடி மாதத்தில்கூட செல்போன் காணிக்கை கணக்கில் ஏறவே இல்லை. ஜனம் ஸ்கேன் செய்வதைக் கண்ணால் பார்க்கிறேன்" என்றார். பலகையில் இருந்த கியூஆர் கோடின் ஓரத்தை நகத்தால் நெருடினேன். வெயிலில் கருத்த தோல் உரிவதுபோல் ஓர் ஒட்டுத்தாள் கழன்று வந்தது. அடியில் கோயிலின் சொந்தக் கியூஆர் கோடு. காணிக்கை வேறு யாருடைய கணக்குக்கோ போயிருக்கிறது.

பதிவைத் தேடினோம். கேமரா உண்டியலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. பதிவுப் பெட்டியில் 15 நாள் காட்சிதான் தங்கும். கடிகாரமோ ஆண்டையே தப்பாகக் காட்டியது. கடைசியில் வாசலில் பூக்கட்டும் அம்மாள்தான் சொன்னார்: "ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் வந்து பலகையைத் துடைத்துவிட்டுப் போனான். கோயில் ஆள் என்று நினைத்துக்கொண்டேன். என்னை யாரும் கேட்கவில்லையே!"

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. கேமரா விற்றுப் பிழைக்கிறவன்தான் சொல்கிறேன்: வழிபாட்டிடத்துக்கு முதல் காவல், வாசலில் இருக்கும் மனிதர்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை போயிருந்தும் அது தேவாலயங்களின் வாசலுக்கு வந்து சேரவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், முதுகுப்பையோடு வந்த அந்நியனை ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்டார், உள்ளே விடவில்லை. வெளியே குண்டு வெடித்தது. குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள், அவரும் இறந்தார். ஆனால் நிரம்பியிருந்த ஆலயத்துக்குள் அவன் போயிருந்தால்? இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

அதற்காக நம் ஊர்க் கதவுகளைச் சாத்தச் சொல்லவில்லை. ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்கும் ஓரியூர் தேவாலயத் திருவிழாவுக்கும் எல்லா மதத்தாரும் வருகிற கரை இது. "எந்த ஊர் அய்யா? யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று வாஞ்சையோடு கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும். பக்தருக்கு அது வரவேற்பு. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கு அதுவே தடை.

கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொருத்திய அன்று இருந்த கடவுச்சொல்லையே இன்றும் வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். இணையத்தோடு இணைத்திருந்தால் உங்கள் ஆலயத்தை எவனோ ஒருவன் வீட்டிலிருந்து பார்க்கலாம். பதிவுப் பெட்டியை உண்டியல் அறையிலேயே வைக்காதீர்கள், திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போகிறான். மாதம் ஒருமுறை தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஆண்டே தப்பான பதிவை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? பெண்கள் உடை மாற்றும் இடங்களையும் மறக்க வேண்டாம். 2024 டிசம்பரில் ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரை அருகே ஒரு தனியார் உடைமாற்றும் அறையில் ரகசியக் கேமரா பிடிபட்டது. புனித நீராட வந்த பெண்களுக்கு நேர்ந்த அந்த அவமானத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த அறைகளைத் தினமும் ஒரு பெண் ஊழியர் சோதிக்க வேண்டும்.

இனி, யாரும் காவல் நிற்காத இன்னொரு வாசல்: செல்போன். கீழக்கரைப் பக்கம் ஒரு ஜமாஅத் செயலாளர், வயதில் பெரியவர். குழுவில் உள்ள உறவினர் பெயரில் ஒரு செய்தி: "காக்கா (அண்ணா), உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்க எண் ஒன்று தவறி வந்துவிட்டது, அனுப்புங்கள்." அனுப்பினார். அது அவருடைய வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் எண். அடுத்த நிமிடம் அவருடைய வாட்ஸ்அப் வேறொருவன் கையில். "மருத்துவமனையில் இருக்கிறேன், 20,000 அனுப்புங்கள்" என்று அவர் பெயரிலேயே ஊர் முழுக்கச் செய்தி போனது. அவர் மேல் இருந்த மரியாதையால் கேள்வி கேட்காமலே பலர் அனுப்பினார்கள். பணம் போனதைவிட, தன் பெயரால் ஏழைகள் ஏமாந்ததுதான் அவரை உடைத்துப் போட்டது. வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது நீங்களே வைக்கும் கூடுதல் ரகசிய எண்ணை, அமைக்க இரண்டு நிமிடம் ஆகும். பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் இன்றே செய்யுங்கள். பணம் கேட்டுச் செய்தி வந்தால், அழைத்துக் குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வழி இருக்கிறது.

தங்கும் அறைக்கு இணையத்தில் முன்பணம் கட்டும் யாத்திரிகர்களுக்கும் ஒரு வார்த்தை: போலித் தளங்கள் குறித்து மத்திய உள்துறையின் இணையக் குற்றத் தடுப்பு மையமே 2025 ஏப்ரலில் எச்சரித்திருக்கிறது. தேடலில் முதலில் வருவது அசலாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்த அம்மன் கோயிலுக்குப் போன வாரம் மறுபடி போனேன். கியூஆர் கோடு இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது, அருகில், பணம் வந்ததும் தொகையைச் சொல்லும் ஒலிபெருக்கிக் கருவி. பூக்கட்டும் அம்மாள் கூடையை இறக்கி வைத்ததும் பலகையிடம் போய்க் கண்ணாடியின் நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் நார் எடுத்து உட்கார்ந்தார்.